பாலத்தில் நின்ற பஸ்

கணவர் ரெங்கராஜ் இறந்த பிறகு எட்டு மாதமாக மயிலம்மாள் ஸ்ரீரங்கத்து வீட்டை விட்டு வெளியே வரவில்லை. திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது மாரடைப்பில் விழுந்தவர் அவர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் வேலை பார்த்த மயிலம்மாள், இப்போது போன் அடித்தாலே அடுத்த அறைக்குப் போய்விடுவாள்.

மகள் கனிஷ்கா, மனநல ஆலோசகர் வேணியை வீட்டுக்கே வரவழைத்தாள். வேணி ஒரு வி.ஆர். கண்ணாடி கொண்டுவந்தாள். அதை மாட்டிக்கொண்டால் சத்திரத்திலிருந்து ஸ்ரீரங்கம் வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும். திரும்பிப் பார்த்தால் மலைக்கோட்டை, எட்டிப் பார்த்தால் காவிரி. பழகிய இடத்தில் மனசு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தால் பயம் இறங்கும் என்றாள் வேணி. அவள் படம் எடுத்த அன்று பாதிப் பாலத்தில் கேமராவில் சார்ஜ் தீர்ந்துவிட்டதால், படம் அங்கேயே முடிந்துவிடும்.

பலன் தெரிந்தது. மூன்றாவது வாரம் மயிலம்மாள் வேளைக்குச் சாப்பிட்டாள், பகலில் கொஞ்சம் தூங்கினாள். கல்யாணமான புதிதில் அதே பஸ்ஸில் நின்றுகொண்டே வேலைக்குப் போனதைச் சிரித்தபடி சொன்னாள். அன்றுதான் தன் போனை எடுத்து வேணியிடம் நீட்டினாள்.

“அவர் போன அன்னிக்குக் காலையில சண்டைம்மா. சத்திரத்துல இருந்து வாட்ஸ்அப்புல பேசி அனுப்பியிருக்கார். கோவத்துல நான் தொறக்கலை. அப்புறம் தொறக்கத் தைரியம் இல்ல.”

“இப்பக் கேக்கறீங்களா?”

“இங்க வேணாம். பஸ்ல வெச்சுக் கேக்கறேன்.”

அடுத்த முறை வேணி அந்தக் குரலைப் படத்தில் சேர்த்துக் கொண்டுவந்தாள். பதினோரு விநாடி.

“மயிலு, சத்திரத்துல நிக்கிறேன். பூ வாங்கிட்டு வரவா? சொல்லு.”

மயிலம்மாள் உடனே, “வாங்கிட்டு வாங்க” என்றாள். குரல் நின்ற பிறகும் எதையோ கேட்டுக்கொண்டே இருந்தாள். கண்ணாடியைக் கழற்றியதும் சொன்னாள்: “கடைசியில மூச்சு இழுக்குது, கவனிச்சீங்களா? எக்ஸ்சேஞ்சுல பழகின காது. அப்பவே கேட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்.”

வேணி கண்ணாடியை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து மயிலம்மாள் தினமும் அந்தப் பயணம் போனாள். அவர் வழக்கமாக வீடு திரும்பும் ஐந்து மணிக்கு வாசல் கதவைத் திறந்து வைத்தாள். இரண்டு டம்ளரில் காபி ஆற்றினாள். ஒன்று ஏடு படிந்து அப்படியே கிடந்தது. கனிஷ்கா வேணிக்குப் போன் செய்தாள்.

“அந்தக் குரலை எடுத்துடுங்க மேடம். யாரோ வீட்டுக்குள்ள வரப்போற மாதிரியே இருக்கு.”

வேணி வந்து மயிலம்மாளிடமே கேட்டாள்.

“எடுக்காதீங்கம்மா. அவர் போயிட்டார்னு எனக்குத் தெரியாமலா இருக்கு? ஆனா பஸ் பாலத்துலயே நிக்குதே. வந்து சேரலையே.”

வேணிக்கு உறைத்தது. மறுநாளே மீதி வழியையும் படம் எடுத்துச் சேர்த்தாள். இந்த முறை பஸ் பாலத்தைத் தாண்டியது, அம்மா மண்டபத்தைக் கடந்தது, ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் நின்றது. ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். மயிலம்மாளின் தலை ஒவ்வொரு முகமாகத் திரும்பியது. பஸ் காலியானது.

“இறங்கலை” என்றாள். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அப்பா போன பிறகு அவள் அழுது கனிஷ்கா பார்ப்பது அதுதான் முதல் தடவை.

பத்து நாள் கழித்து அவளே கேட்டாள்: “சத்திரம் வரைக்கும் போயிட்டு வரலாமா?”

வேணி கூடப் போனாள். ரெங்கராஜ் விழுந்த இடத்தில் காலேஜ் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். மயிலம்மாளும் அவர்களோடு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, போகலாம் என்று தலையசைத்தாள்.

திரும்பும் பஸ்ஸில் இருவரும் முதலில் ஏறினார்கள். மயிலம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்தில் வேணி உட்காரப்போனபோது அந்த இடத்தின் மேல் கையை வைத்தாள்.

“தப்பா நெனைக்காதீங்கம்மா. ஸ்ரீரங்கம் வர்ற வரைக்கும்.”

வேணி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூட்டம் ஏறி நெருக்கியது. ஆனால் அந்த இடத்தில் உட்காரலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை.