நீலப் படகின் மெருகு

மெருகேற்றும் பஃபிங் மெஷின் ஓடும்போது யாரும் என்னிடம் எதையும் கேட்க முடியாது. அது எனக்குப் பிடித்திருந்தது.

கோவளத்துக்குத் தெற்கே, உப்பங்கழிக் கரையில், சவுக்கு நிழலில் பழைய டயர்களின் மேல் என் ஃபைபர் படகு உட்கார்ந்திருந்தது. நாவலூரில் கம்பெனிக் கார் ஓட்டியதை விட்டுவிட்டு, கழியில் ஆட்களை ஏற்றிச் சுற்றிக் காட்டலாம் என்று வாங்கியது. நீல நிறம் என்று சொல்லித்தான் விற்றார்கள். வெயிலும் உப்பும் தின்று, தொட்டால் சுண்ணாம்பு போலக் கையில் ஒட்டியது.

அது தண்ணீரில் இறங்குமா என்பது சுஜாதாவின் கையில் இருந்தது. ஏரி உடைந்த வருஷம் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீரில் விடியும்வரை நின்றவள் என் மனைவி. அதற்குப் பிறகு நிறைந்த கிணற்றைக்கூட எட்டிப் பார்ப்பதில்லை. படகு வாங்கியதைச் சொன்னபோது அவள் சண்டை போடவில்லை. முதலில் நான் உட்கார்ந்து பார்க்கிறேன், என்னால் முடிந்தால் அடுத்தவர் பிள்ளைகளை ஏற்று, முடியாவிட்டால் விற்றுவிட்டு வண்டிக்கே போ என்றாள். நியாயமாகத்தான் இருந்தது. நான் வாங்கிவந்த ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையைப் போட்டுப் பார்த்து, அதோடேயே ஒருநாள் முழுக்கச் சமைத்தாள்.

அவளிடம் பேசி ஜெயிக்க எனக்கு வராது. ஒரு பொருளைப் பளபளக்க வைக்க வரும். எத்தனையோ கார்களுக்குச் செய்திருக்கிறேன். பக்கத்து வலைக் கொட்டகையிலிருந்து என் மீனவ நண்பன் ஜோஷ்வா கரண்டுக்கு ஒயர் இழுத்துக் கொடுத்துவிட்டு, அவன் வேலையாகக் கடலுக்குப் போய்விட்டான்.

மெஷினின் கம்பளிப் பேடில் காம்பவுண்டுப் பசை தடவி, மெஷினைப் படகின் மேல் வைத்து ஓடவிட்டேன். ஒரே இடத்தில் நிறுத்தினால் சூட்டில் மேல்பூச்சு கருகிவிடும். நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். நகர நகர, வெள்ளைப் பொடி பறந்து என் இமைகளில் படிந்தது. அதற்கடியிலிருந்து நீலம் வந்தது. முதலில் பழைய லுங்கியின் நீலம், பிறகு மழைக்கு முந்தைய வானம். பேடை மாற்றி மெழுகு பூசித் துடைத்தபோது அந்த நீலத்துக்கு ஆழம் வந்துவிட்டது. உள்ளே சவுக்கு மரங்கள் தலைகீழாக அசைந்தன. ஒரு கொக்கு படகின் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறியது. மெஷினை அணைத்த பிறகும் அதன் ரீங்காரம் கைகளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கழி, கரை, நான் எல்லாம் மெல்ல அதிர்ந்தபடி எங்கோ மிதப்பதாகத் தோன்றியது.

மனசு நிறையாமல் உட்புறத்துக்கும் மெழுகு பூசினேன். உட்காரும் பலகை, கால் வைக்கும் தளம், எதையும் விடவில்லை.

படகை இறக்கக் குறித்த நாள் காலையில் சுஜாதா திருப்போரூரில் முருகனைக் கும்பிட்டுவிட்டு, சந்தனமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு, மிதவைச் சட்டையை மாட்டியபடியே பஸ்ஸில் வந்தாள். கடலிலிருந்து திரும்பியிருந்த ஜோஷ்வா படகைத் தள்ளிவிட வந்து நின்றான். அவள் படகைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். நன்றாக இருக்கிறது என்று சொல்வாள் என நினைத்தேன். அவளோ நேராகப் போய் முகப்பில் சந்தனம் வைத்தாள். அது நிற்கவில்லை. மெழுகின் மேல் வழுக்கிக்கொண்டு, ஒரு சின்னப் பூச்சி போல மெதுவாகக் கீழே இறங்கியது. மறுபடி வைத்தாள். மறுபடியும் இறங்கியது.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். ஆனால் கண்ணை எடுக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது சந்தனத்தை இல்லை என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"உள்ள என் மொகம் தெரிதுய்யா," என்றாள். "தண்ணிக்கு அடியில கீற மாரி கீது."

நானும் குனிந்து பார்த்தேன். உண்மைதான். நீலத்தின் ஆழத்தில் அவள் முகம், கொஞ்சம் கோணி, கூந்தல் அலைய, மேலே வர முடியாமல் கிடந்தது. இத்தனை நாளும் நான் தேய்த்து உண்டாக்கியது அந்த ஆழத்தைத்தான்.

ஜோஷ்வா இதைக் கவனிக்கவில்லை. உள்ளே ஏறப் பார்த்தவன் கால் வழுக்கிப் பலகையைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், இன்னா வேல பண்ணி வச்சிக்கீற? உள்ளயும் மெழுகா? கார் பானட்டு மேல யார்னா ஏறி நிப்பாங்களா? ஈரம் பட்டுச்சினா மொத சவாரியே கழிக்குள்ளதான்."

பையிலிருந்து தின்னரும், வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளும் எடுத்தேன். முகப்பில் உள்ளங்கை அளவு இடத்தில் மெழுகைத் துடைத்து, பேப்பரை நனைத்துத் தேய்த்தேன். பளபளப்பு செத்தது. அந்த வட்டத்துக்குள் மரம் இல்லை, வானம் இல்லை, முகம் இல்லை. மங்கலான ஒரு நீலம் மட்டும். சுஜாதா விரலால் தொட்டுப் பார்த்தாள். சொரசொரப்பாக இருந்திருக்கும். சந்தனத்தை வைத்தாள், நின்றது. அதன் நடுவே குங்குமம் வைத்தாள்.

பிறகு என் கையிலிருந்து ஒரு துண்டுப் பேப்பரைக் கேட்காமலே கிழித்துக்கொண்டாள். தின்னர் டப்பாவையும் துணியையும் உள்ளே வைத்துவிட்டு, ஒரு கையால் விளிம்பைப் பிடித்தபடி டயரில் கால் வைத்து ஏறினாள். தளத்தில் மண்டியிட்டு, மெழுகைத் துடைத்துவிட்டுத் தேய்க்கத் தொடங்கினாள். அவளுக்கு வீட்டு வாசலைக்கூட அரைகுறையாகத் தேய்க்க வராது. பலகைக்கடியில் தலையை விட்டு, மூலைகளை, ஆணித் தலைகளைக்கூட விடாமல் தேய்த்தாள். மிதவைச் சட்டையின் முதுகு மட்டும் மேலே தெரிந்தது.

நானும் ஜோஷ்வாவும் நின்றோம். நேரம் போனது. கழியில் ஓதம் ஏறி, தண்ணீர் டயர்களை நனைத்தது.

தேய்க்கும் கை நிற்காமலே அவள் சொன்னாள், "தள்ளு."

ஜோஷ்வா என்னைப் பார்த்தான். நான் தோளைக் கொடுத்தேன். படகு டயர்களிலிருந்து இறங்கி மணலில் ஒருமுறை முனகிவிட்டு, பிறகு எடையே இல்லாததாக ஆனது. முழங்கால் அளவு தண்ணீரில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். அவள் வெளியே எட்டிப் பார்க்கவில்லை. படகு மெல்ல ஆடியது. தளத்தின் மேல் பேப்பர் உரசும் ஓசை, ஒரே சீராக, நிற்காமல் வந்துகொண்டிருந்தது.