தண்ணீர் எது வரைக்கும்

எங்கள் வட்டாரச் சபையின் இணையதளத்தில் ஒரு சுற்றுச்சூழல் வரைபடம் இருக்கிறது. எந்த மண்ணில் ரசாயனம் கலந்திருக்கிறது, எந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாம், ஆறு பெருகினால் எந்தத் தெரு மூழ்கும், எல்லாம் அதில் உண்டு. உண்டு என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம். திறந்து பார்த்தவர்களுக்கோ கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. புகார்கள் குவிந்ததும், மக்களுக்குப் புரிகிற மாதிரி மாற்ற வேண்டும் என்று முடிவு செய்து அந்த வேலையை என் தலையில் கட்டினார்கள். எனக்குச் சந்தோஷம்தான். ‘புரிகிற மாதிரி’ என்பதை நான் அப்படியே நம்பிவிட்டேன்.

உட்கார்ந்த முதல் நாளே ஒன்று கண்ணில் பட்டது. வரைபடத்தைத் திறந்ததும் அது எங்கள் அலுவலகத்தைத்தான் காட்டும். அலுவலகம் மேட்டில் இருக்கிறது. எந்த வெள்ளமும் எட்டாது, எந்தத் தொழிற்சாலைக் கழிவும் அந்தப் பக்கம் வராது. படம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? திறப்பார்கள். தங்கள் கூரையையே பார்ப்பார்கள். பச்சைப்பசேல் என்று இருக்கும். திருப்தியாக மூடிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். படத்தைக் கீழே நகர்த்தி ஆற்றோரத் தெருக்களைப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. இத்தனை வருடமும் எங்கள் மொட்டை மாடியைத்தான் நாங்கள் பரிசோதித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஆற்றோரத்தில் ஒரு வீட்டைத் தொட்டால் ஒரு கட்டம் விரியும். ‘வெள்ள ஆழ வகுப்பு மூன்று, நிகழ்தகவு குறைவு முதல் நடுத்தரம்’ என்று அதில் இருக்கும். எழுதியவருக்கே அது புரிந்திருக்குமா என்பது சந்தேகம். நான் அதைத் தூக்கிவிட்டு ஒரே ஒரு வாக்கியம் வைத்தேன்: ‘ஆறு பெருகினால் இந்த இடத்தில் தண்ணீர் இடுப்பளவு நிற்கும்.’ இடத்துக்கு ஏற்றபடி கணுக்கால், முழங்கால், இடுப்பு, நெஞ்சு என்று மாறும். ஆழக் கணக்கெல்லாம் எங்களிடம் ஏற்கெனவே இருந்தது. அதை மனிதர் பேசும் பேச்சாக்கியது மட்டும்தான் நான் செய்தது.

அளவுக்காக என் வீட்டுக்காரரை ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் நிறுத்தி டேப் பிடித்தேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். நல்ல உயரம்.

“என் இடுப்பை வெச்சு ஊருக்கே கணக்குப் போடறியா? அப்ப உன்ன மாதிரி குள்ளமா இருக்கறவங்க கதி?”

“வாயை மூடிட்டு நேரா நில்லுங்க.”

அவர் சொன்னதிலும் விஷயம் இருந்தது. அதனால் என்னையும் அளந்து, நடுவில் ஒரு அளவை எடுத்துக்கொண்டேன்.

அந்த வாக்கியத்தைச் சட்ட ஆலோசகரிடம் அனுப்பியதும் ஆரம்பித்தது வம்பு. அவருக்கு அலுவலகத்தில் காற்புள்ளி என்று பெயர். எந்தக் காகிதம் போனாலும் ஒரு காற்புள்ளியாவது போட்டுத் திருப்பி அனுப்பாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. இந்த முறை காற்புள்ளியோடு நிற்கவில்லை, ஆளே நேரில் வந்துவிட்டார்.

“இடுப்புன்னா யாரோட இடுப்பும்மா? சட்டத்துல இடுப்புக்கு விளக்கமே இல்லையே.”

“சார், எல்லாருக்கும் ஒரு இடுப்பு இருக்கு. விளக்கம் தேவைப்படாது.”

“நாளைக்கு ஒருத்தர் கோர்ட்டுக்குப் போய், தண்ணி என் தொடை வரைக்கும்தான் வந்துச்சுன்னா?”

“தொடையோட போச்சேன்னு சந்தோஷப்படுவாரு சார்.”

அவர் சிரிக்கவில்லை. மேலாளரிடம் போய்விட்டார்.

எங்கள் மேலாளர் கெட்டவர் இல்லை. குரலை உயர்த்தமாட்டார், பிறந்தநாளுக்குக் கேக் வாங்கி வருவார். ஆனால் எதையும் பூசி மெழுகியே பழகியவர். “படம் மக்களைப் பயமுறுத்தக் கூடாதும்மா” என்றார். அடர்நீலமாக இருந்த வெள்ளப் பகுதியைத் தானே உட்கார்ந்து வெளுக்க வைத்தார். கண்ணுக்கு இதமாக இருக்கிறதாம். சலவைக்குப் போட்ட சட்டை மாதிரி ஆற்றோரம் முழுவதும் சாயம் போய் நின்றது. என் வாக்கியத்தை எடுத்துவிட்டு, பழைய வகுப்பு மூன்றையே கொஞ்சம் அழகான எழுத்தில் திரும்ப வைத்தார். அதற்குப் பெயர் மேம்பாடு.

அந்தப் படத்தைப் பொதுமக்களைக் கூப்பிட்டுப் பரிசோதித்தோம். இந்தப் பரிசோதனைக்கு ஒரு முறை உண்டு. வருகிறவர் படத்தோடு மல்லுக்கட்டும்போது நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். உதவக் கூடாது, தலையாட்டக் கூடாது. அவர் ஏதாவது கேட்டால், “உங்களுக்கு என்ன தோணுது?” என்று மட்டும் திருப்பிக் கேட்கலாம். நாம் சொல்லிக்கொடுத்துவிட்டால் படத்தின் குறை தெரியாமல் போய்விடும் என்பதற்காக வைத்த விதி. நல்ல விதிதான். அன்று வரைக்கும் நானே அதை எல்லோருக்கும் போதித்துக்கொண்டிருந்தேன்.

வந்தவர்களில் ஒரு அக்கா ஆற்றோரத் தெருவில் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறவர். வேலைக்குப் போகிற அம்மாக்கள் காலையில் பிள்ளையை விட்டுவிட்டு சாயங்காலம் எடுத்துப் போகிற இடம். உட்காரும்போதே கலகலவென்று பேசினார். “பின்பக்கம் புதுசா ஒரு ரூம் கட்டி முடிச்சிருக்கேன்மா. தொட்டில் பிள்ளைங்க தூங்கறதுக்கு. தரைத்தளம்தான். பிள்ளையைத் தூக்கிட்டு மாடிப்படி ஏறி இறங்க வேண்டாம் பாருங்க. தொட்டிலெல்லாம் வந்து இறங்கிடுச்சு, அடுத்த மாசம் திறக்கறோம்.”

விரலால் படத்தைத் தள்ளித் தள்ளி, தன் கட்டடத்தைக் கண்டுபிடித்துத் தொட்டார். வெளுத்த நீலம். வகுப்பு மூன்று.

“லேசா நீலமா இருக்கு. அப்ப பயப்பட ஒண்ணும் இல்லதானே?”

எனக்குத் தெரியும். அந்தக் கட்டடத்தில் தண்ணீர் எது வரைக்கும் வரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பக்கத்தில் மேலாளர் உட்கார்ந்திருந்தார். ஊழியர்கள் தனி வீட்டைப் பற்றித் தனியாக யோசனை சொல்லக் கூடாது, படத்தைப் பாருங்கள் என்று மட்டும் சொல்ல வேண்டும் என்று சபையில் ஒரு உத்தரவு வேறு. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“உங்களுக்கு என்ன தோணுது?”

“பயமில்லன்னுதான் தோணுது” என்று அந்த அக்கா சிரித்தார்.

மேலாளர் தன் குறிப்பில் ‘பயனர் மன அமைதி அடைந்தார்’ என்று எழுதினார். அவர் பேனாவைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிய வேண்டும் போல இருந்தது. சபைக் கூட்டம் அந்த வாரக் கடைசியில்தான். அங்கே என் வாக்கியத்தை ஜெயிக்க வைத்துவிட்டால் படமே அந்த அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

கூட்டத்தில் மேலாளர் பேசினார். நான் மடிக்கணினியை இயக்கினேன். படம் பெரிய திரையில் திறந்தது. வழக்கம்போல எங்கள் அலுவலகம், வழக்கம்போலப் பச்சை. உறுப்பினர்கள் அழகு அழகு என்றார்கள். கைதட்டல்கூட விழுந்தது. அவர் உட்காரும் நேரம் பார்த்து நான் எழுந்தேன்.

“தலைவர் அய்யா, உங்க போனையே எடுத்து உங்க வீட்டைக் கண்டுபிடிங்களேன். மக்கள் போன்லதானே பார்ப்பாங்க?”

சபைத் தலைவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. போனை எடுத்தார். படம் திறந்ததும் விளக்கக் கட்டம் பாதித் திரையை மறைத்தது. அதைத் தள்ளினார், படம் பறந்துபோய் பக்கத்து மாவட்டத்தில் நின்றது. திரும்ப இழுத்தார். மேலாளர் பதறிக்கொண்டு அவர் பக்கம் ஓடினார்.

“யாரும் உதவக் கூடாது சார். அதுதான் விதி” என்றேன்.

அறை முழுவதும் வேடிக்கை பார்த்தது. தலைவர் வேர்த்து விறுவிறுத்து ஒருவழியாகத் தன் வீட்டைப் பிடித்தார். “இதோ. லேசாத்தான் இருக்கு. எங்க தெரு நல்லாத்தான் இருக்கு” என்றார். நான் ஒரு பொத்தானை அழுத்தி, தனியாக எடுத்து வைத்திருந்த என்னுடைய படத்தைப் பெரிய திரையில் போட்டு, அவர் வீட்டைத் தொட்டேன். ‘ஆறு பெருகினால் இந்த இடத்தில் தண்ணீர் முழங்காலளவு நிற்கும்.’

தலைவர் வாக்கியத்தை மறுபடியும் படித்தார்.

“இதை எல்லாரும் பார்ப்பாங்களா?”

“எல்லாரும் பார்க்கத்தான் அய்யா போட்டிருக்கோம்.”

“அப்ப வேண்டாம். நாளைக்கு என் வீட்டை யாரு வாங்குவா? ஊர்ல பாதிப்பேர் வந்து என் சட்டையைப் பிடிப்பாங்க.”

காற்புள்ளி எழுந்து இடுப்பு, சட்டம் என்று ஏதோ சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். வெளுத்த படமே மக்களுக்குப் போகட்டும் என்று முடிவானது. வெளியே வந்ததும் மேலாளர், “விடும்மா. போன் வந்தா இணையப் படத்தைப் பாருங்கன்னு சொல்லு. நம்ம கடமை அதோட முடிஞ்சுது” என்றார். என்னை ஆறுதல்படுத்துகிறாராம்.

வீட்டுக்கு வந்து பாத்திரங்களை டமால் டமால் என்று உருட்டினேன். கோபத்தில் அழுகையும் வந்தது. அவ்வளவு பேர் படித்தவர்கள், அவ்வளவு பேருக்கும் புரிந்தது. புரிந்ததனால்தான் வேண்டாம் என்றார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வீட்டுக்காரர் வந்து என் கையிலிருந்த தட்டை வாங்கி வைத்தார்.

“பழுதான லிஃப்ட்ல நான் போர்டு மாட்டாம வந்தா என்னை உள்ள தள்ளுவாங்க. உங்க ஆபீஸ்ல மாட்டினாத்தான் தள்ளுவாங்க போல.”

“வேலை போச்சுன்னா?”

“நான் ரெண்டு லிஃப்ட் சேர்த்துப் பார்க்கறேன். நீ அந்தப் பொம்பளைகிட்ட சொல்லப் போறியா இல்லையா, அதைச் சொல்லு.”

மறுநாள் காலையில் அலுவலக போனிலிருந்தே காப்பகத்துக்கு அடித்தேன். என் கைப்பேசியில் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட மனசு வரவில்லை. இதை ஒளிந்துகொண்டு சொல்வானேன்? சபையின் நம்பரிலிருந்து, சபையின் குரலாகவே அந்த அக்காவிடம் போய்ச் சேரட்டும் என்று இருந்தது.

“அக்கா, நீங்க வரைபடம் பார்க்க வந்தப்ப பக்கத்துல உட்கார்ந்திருந்தவ நான். அன்னைக்குப் பயமில்லைதானேன்னு கேட்டீங்க. நான் பதில் சொல்லல. இப்ப சொல்றேன். பயம் இருக்கு. ஆறு பெருகினா உங்க பின்பக்க ரூம்ல தண்ணி இடுப்பளவு நிக்கும்.”

அந்தப் பக்கம் பின்னால் ஏதோ ஒரு குழந்தை சிணுங்கியது.

“யாரோட இடுப்பும்மா?” என்றார். காற்புள்ளி கேட்ட அதே கேள்வி. “என்கிட்ட இருக்கறது எல்லாம் படுத்திருக்கற பிள்ளைங்க.”

“தெரியும்க்கா. அதனாலதான் கூப்பிட்டேன். தொட்டில் எதையும் கீழே போடாதீங்க. மாடிக்குக் கொண்டு போயிடுங்க.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா” என்றார். “சரி, இப்பவாவது சொன்னியே. இன்னைக்கே ஏத்திடறேன். படிக்கு ஒரு கேட் போட்டாப் போச்சு” என்று வைத்துவிட்டார்.

சாயங்காலம் பிள்ளைகளை எடுக்க வந்த அம்மாக்கள், புது ரூம் இருக்கும்போது தொட்டில் மாடிக்கு ஏன் என்று கேட்டிருக்கிறார்கள். அந்த அக்கா காரணத்தோடு என் அலுவலக நம்பரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். அடுத்த நாள் என் மேஜை போன் ஓயவே இல்லை. “இடுப்பளவு சொல்ற மேடம் இருக்காங்களா?” என்று கேட்டார்கள். ஒருவர் படுக்கையில் கிடக்கும் அப்பாவை எந்த அறையில் வைப்பது என்று கேட்டார். ஒரு பெண் புதிதாக வாடகைக்குப் போகும் வீட்டைக் கேட்டாள். ஒரு கடைக்காரர் மாவு மூட்டையை எந்த உயரத்தில் அடுக்குவது என்றார். படத்தைப் பாருங்கள் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. படத்தை நான் பார்த்தேன், தெருவைக் கேட்டேன், எது வரைக்கும் என்று வாய்விட்டுச் சொன்னேன். தண்ணீரே வராத இடங்களுக்கு, நிம்மதியாக இருங்கள் என்றும் சொன்னேன். அப்போது அவர்கள் விட்ட பெருமூச்சு போனில் கேட்டது.

மத்தியானம் மேலாளர் வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றார். முகம் சிவந்திருந்தது. பின்னாலேயே காற்புள்ளியும் வந்து நின்றார்.

“என்னம்மா இது? தலைவர் வீட்லேருந்தே கேக்கறாங்க. யார் உனக்கு அதிகாரம் கொடுத்தது?”

“மக்களுக்குப் புரியற மாதிரி மாத்துன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? படத்தை மாத்த விடல. அதனால நானே சொல்றேன்.”

“இதோ பாரு, நல்லதுக்குச் சொல்றேன். இனி ஒரே ஒரு போன் எடுத்தாலும் இந்த நாற்காலி உனக்கு இல்ல.”

அவர் சொல்லி முடிக்கவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. மூன்று பேரும் போனையே பார்த்தோம். பக்கத்து மேஜைக்காரர்கள் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டார்கள். எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பக்கம் ஒருத்தர் தன் வீட்டைப் பற்றிக் கேட்பதற்காகக் காத்துக்கொண்டிருந்தார். பதில் என் திரையில் இருந்தது.

எழுந்தேன். நாற்காலியை மேலாளர் பக்கம் தள்ளிவிட்டு, நின்றுகொண்டே போனை எடுத்தேன்.

“சொல்லுங்க, எந்தத் தெரு?”