பூட்டிய போன்

எல்லையோர ஊரான எங்கள் தார்ச்சூலாவில் போனை அதன் போக்கில் விட்டால் பிழைப்பு நாறிவிடும். காளி ஆற்றுக்கு அக்கரை நேபாளம். அந்தப் பக்கத்து டவருக்குப் பலம் அதிகம். கொஞ்சம் அசந்தால் போன் அக்கரைக்குத் தாவி, கடிகாரத்தைக் கால் மணி முன்னால் தள்ளிவிட்டு, போட்ட பணத்தையும் தின்றுவிடும். அதனால் போனில் 'தானாகத் தேடு' என்பதை அணைத்து, நம் போன் கம்பெனி பெயரைத் தொட்டுப் பூட்டி வைப்போம். வீட்டுக் கதவைச் சாத்துவது போல அது எங்களுக்குப் பழக்கம்.

எங்கள் ஊர் நந்தி டெல்லிக்குப் பஸ் ஏறியபோது, முடக்குவாதத்தால் கூடப் போக முடியாத அவள் கணவர் கேசர் போனை வாங்கிப் பார்த்தார்.

"பூட்டித்தான் இருக்கு. தைரியமா போ."

மகள் பிமலா டெல்லி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இதயத்தில் வால்வு கெட்டுவிட்டது. ஆப்பரேஷன் செய்தாலும் பிழைப்பது சந்தேகம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். பஸ் ஹல்துவானி தாண்டியதும் அவளே கூப்பிட்டாள்.

"அம்மா, உள்ள கொண்டுபோறதுக்கு முன்னாடி கூப்பிடுவேன். உன் குரலைக் கேட்டுட்டுத்தான் போவேன்."

"போனைக் கையிலயேதான் வச்சிருக்கேன்டி. பயப்படாத."

டெல்லி எல்லையில் மழைத் தண்ணீர் தேங்கி பஸ் நகரவில்லை. போனில் சிக்னல் கோடுகள் மறைந்தன. பக்கத்து சீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"எனக்கு ஃபுல்லா இருக்கே அக்கா. இதுல பேசுறீங்களா?"

"வேணாம்மா. எங்க ஊர்ல தினம் இப்படித்தான், போகும், வரும். அவளே கூப்பிடுவா."

எங்கள் ஊர்க்காரர்களின் பாழாய்ப்போன பொறுமை அது. சிக்னல் இல்லையென்றால் காத்திருப்போம், வேறொன்றும் தோன்றாது.

ஆஸ்பத்திரி வாசலில் மருமகன் தீவான் நின்றிருந்தான். அவன் முகத்தைப் பார்த்ததுமே நந்தி படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"போயிட்டா அத்தை. ஏன் போனை எடுக்கல? ஸ்ட்ரெச்சர்ல படுத்தப்புறமும் போனை விடலயே அவ. நர்ஸ்தான் பிடுங்கினாங்க."

"அடிக்கவே இல்லப்பா. பாரு, கையிலதான் இருக்கு."

அவன் வாங்கிப் பார்த்தான். கம்பெனி ஒன்றுதான், பெயரும் ஒன்றுதான். ஆனால் டெல்லி டவருக்கு வேறு அடையாள எண். போன் பெயரையா பார்க்கிறது? எண்ணைப் பார்க்கிறது. பூட்டாமல் விட்டிருந்தால் தானே மாறிக்கொண்டிருக்கும். எங்கள் ஊர் எண்ணையே தேடித் தேடி, தலைக்கு மேல் நின்ற டவரை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

தீவான் பூட்டை எடுத்தான். கோடுகள் உடனே நிறைந்தன. தவறிய அழைப்புகளின் செய்திகள் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்தன. எல்லாம் பிமலாவின் எண்.

"என்னப்பா சொல்லியிருக்கா?"

"ஒண்ணும் சொல்லல அத்தை. கூப்பிட்டிருக்கா."

நந்தி போனைத் திரும்ப வாங்கினாள். அதற்குள் போன் அடித்தது. கேசர்.

"போய்ச் சேந்துட்டியா? எவ்வளவு நேரமா அடிக்கிறேன். சரி, நான் பூட்டி அனுப்பினதால காசு ஒண்ணும் போகலல்ல?"

நந்தி வாசலுக்கு உள்ளே, மகள் கிடந்த அறையின் மூடிய கதவைப் பார்த்தாள்.

"இல்லைங்க," என்றாள். "ஒரு பைசா போகல."