நான்காவது வாரம்

அக்காவின் சாப்பாட்டுத் தட்டு மேசைமேல்தான் இருந்ததா என்று அவருக்கு இப்போதும் உறுதியில்லை. அலமாரியாகவும் இருந்திருக்கலாம். அப்போது அவருக்கு ஐந்து வயது. எறும்பு ஏறக்கூடாது என்று அம்மா அதை உயரத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். அக்கா சுவரோடு ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தது மட்டும் நிச்சயம். எழுந்தால் ஆடி ஆடி விழுவாள். "அக்கா கேட்டா தட்டை எடுத்துக் குடுடா" என்பாள் அம்மா. அவர் தலையாட்டிவிட்டுத் தெருவுக்கு ஓடிவிடுவார்.

ஆய்வுக்கூடத்தின் எலி அறையில் கூண்டு கழுவுவதும் தீனி வைப்பதும் அவர் வேலை. ஒருநாள் ஆய்வு மாணவி ஒருத்தியின் கூண்டின் முன் குனிந்தவர் நிமிரவேயில்லை. அவளுடைய எலிகளுக்கு மரபணுவில் எங்கோ ஒரு சின்னப் பிசகு. அதனால் சிறுமூளை பாதிகூட வளராது, நடந்தால் தள்ளாடும். தாயிடமிருந்து பிரித்ததும், பிறந்த நான்காவது வாரத்தில், செத்துவிடும். அப்படித்தான் அவள் நோட்டில் இருந்தது. இரண்டு வருடமாகச் செத்ததை எடுத்துப் பையில் போட்டுத் தேதி எழுதியதும் இவர்தான்.

தீனி கூண்டின் கம்பி மூடியில் இருந்தது. ஒரு குஞ்சு பின்னங்காலில் எழுந்தது. மூக்கு கம்பியைத் தொடுவதற்குள் மல்லாந்து விழுந்தது. மறுபடி எழுந்தது, விழுந்தது. பதினோரு தடவை வரை எண்ணினார். பிறகு தீனியைத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, கூண்டின் தரையில் வைத்தார். யாரிடமும் சொல்லவில்லை.

ஆறாவது வாரம் மாணவி வந்து நின்றாள்.

"அண்ணே, இதுங்க எப்படி இன்னும் உயிரோட இருக்கு?"

"ஏன் டாக்டரம்மா, இருக்கக் கூடாதா?"

"கிண்டல் பண்ணாதீங்க, இன்னும் பட்டமே வரல. கூண்டை மாத்தி வச்சிட்டீங்களா?"

அவர் மூடியைத் திறந்து கூழைக் காட்டினார். அவள் முகம் வெளுத்துப்போனது.

"நாலாவது வாரத்துல நோயில சாகும்னு கட்டுரையே அனுப்பிட்டேன்ணே."

"செத்துச்சுதான்மா. நோயில இல்ல. தீனி எட்டாம."

ஒரு எலி கூழுக்குள்ளேயே சாய்ந்து விழுந்து, விழுந்தபடியே தின்றது.

சாயங்காலம் அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்தார்.

"அக்கா எதுலம்மா செத்தா?"

"அந்த நோவுலதான். இப்ப எதுக்கு அது?"

"தட்டை எங்க வச்சிட்டுப் போவே?"

அம்மா போர்வையின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"நீ அப்ப சின்னப் பிள்ளைடா" என்றாள் கடைசியில்.

மாணவி கட்டுரையைத் திரும்பப் பெற்றாள். பட்டம் ஒன்றரை வருடம் தள்ளிப்போயிற்று. அந்த எலிகள் தள்ளாடியபடியே ஒரு வருடத்துக்கும் மேல் இருந்தன. அம்மா அடுத்த மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தாள். அதுவரை தட்டைப் பற்றி அவளும் அவரும் மறுபடி பேசவில்லை. அவர் ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறார். சாப்பாட்டுக்குத் தரையில்தான் உட்காருகிறார். தட்டைச் சுவர்ப்பக்கமாகக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, சற்றுநேரம் காத்திருந்த பிறகே அதில் கை வைக்கிறார்.