பொய்க் கொக்கி

"ஊத்துங்க," என்றார் டாக்டர்.

டாக்ஸிக்காரர் ஜாடியைச் சாய்த்தார். தண்ணீர் டம்ளரைத் தொடவே இல்லை. மேஜையில் ஓடி டாக்டரின் மடியில் இறங்கியது.

"டம்ளரை நகர்த்திட்டீங்களா சார்?"

"அது இருந்த இடத்துலதான் இருக்கு. ஒரு கண்ணு போயிட்டா தூரக்கணக்கு தப்பும். பழக மாசக்கணக்காகும். நான் சொல்ற வரைக்கும் ஸ்டியரிங் பக்கம் போகாதீங்க."

"அதுவரைக்கும் சுவத்துகிட்டயா பேசிட்டிருக்கறது?"

டாக்டர் மடியைத் துடைத்துக்கொண்டார்.

முன்னால் போன லாரி சடக்கென்று நின்றதில் நடந்த விபத்து. டாக்ஸிக்காரரின் முகம் முன்கண்ணாடியில் மோதி, ஒரு சில்லு கருவிழியைக் கிழித்துவிட்டது. சீட் பெல்ட் போட்டிருந்தால் முகம் அவ்வளவு தூரம் போயிருக்காது. பெல்ட்டைப் பூட்டும் இடத்தில் பெல்ட் இல்லாத வெறும் கொக்கிதான் இருந்தது. பெல்ட் போடாவிட்டால் கார் 'பீப் பீப்' என்று கத்தும். அதன் வாயை அடைக்க டாக்ஸி ஸ்டாண்டில் எல்லாரும் செய்கிற வேலை அது.

"வீட்ல ஒருத்தி, வண்டியில ஒருத்தி. எத்தனை பேர்கிட்டதான் திட்டு வாங்கறது?" என்று சொல்லிக்கொண்டே அவர் அதைச் செருகிய நாளில் மனைவி சிரித்தாள்.

"அவ வாயை அடைச்சுட்டீங்க. என் வாயை?"

பிறகு ஒரு காய்ச்சல் வந்து அவள் வாயையும் அடைத்தது. அவள் போனதிலிருந்து சவாரி ஏறுகிறவர்கள்தான் அவருக்குப் பேச்சுத்துணை.

வீட்டு வாசலில் மெக்கானிக் காத்திருந்தான். பழுது பார்த்த கார் பளபளத்தது.

"புதுப் பொண்ணு மாதிரி நிக்கறா பாருங்கண்ணே! டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஓட்டலாம்னுட்டாரு."

பொய். மெக்கானிக் நம்பிச் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினான்.

டாக்ஸிக்காரர் ஏறி உட்கார்ந்தார். முனை வரைக்கும் போனால் போதும், யாராவது கை காட்டுவார்கள். சாவி துவாரத்தைத் தாண்டிப் போய்ப் பிளாஸ்டிக்கைக் கீறியது. மறுபடியும் கீறியது. விரலால் தடவித்தான் நுழைக்க முடிந்தது.

இனிமேலாவது பெல்ட் போடுவோம் என்று கொக்கியைப் பிடுங்கி எறிந்துவிட்டு எஞ்சினைக் கிளப்பினார்.

பீப். பீப். பீப்.

கியரை நோக்கிப் போன கை அப்படியே நின்றது. அவரை யாராவது அதட்டி எவ்வளவு காலமாயிற்று! பெல்ட்டை மாட்டினால் இதுவும் வாயை மூடிக்கொள்ளும்.

மாட்டவில்லை. மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டார்.

"டேய், பொய் சொல்லிட்டேன். ஓட்டக்கூடாதாம். வந்து சாவியை எடுத்துட்டுப் போ."

"அடப்பாவி மனுஷா! அது என்ன சத்தம்? பெல்ட்டை மாட்டித் தொலைங்கண்ணே, காது கிழியுது!"

"கத்தட்டும் விடு. நீ மெதுவாவே வா."

சற்று நேரத்தில் சத்தம் தானாகவே அடங்கியது.

அவர் எஞ்சினை அணைத்தார். மறுபடியும் சாவியைத் திருப்பினார்.