ஒன்றேகால் மணிக் கைதட்டல்

சுண்டுவுக்குக் கால் ஓர் இடத்தில் நிற்கவில்லை. ஒன்பதுக்கு ஆரம்பிக்க வேண்டிய டென்னிஸ் அரையிறுதி பத்தரைக்குத்தான் ஆரம்பித்தது. முந்தைய ஆட்டக்காரிகள் வீட்டுக்குப் போக மனமில்லாதவர்கள்போல இழுத்தடித்துவிட்டார்கள். இதில் ஜெயித்தால் மாநில அணியில் இடம். மதியம் இரண்டு மணிக்கோ வேதியியல் பொதுத்தேர்வு. தவறவிட்டால் ஒரு வருடம் போச்சு. இரண்டையும் ஒரே நாளில் வைத்த புண்ணியவான்கள் நன்றாக இருக்கட்டும்.

அப்பா காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். "பள்ளிக்கூடத்துக்கு முப்பத்தஞ்சு நிமிஷம் ஆகும். ஒன்னேகாலுக்குக் கைதட்டுவேன். ஸ்கோர் என்னவா இருந்தாலும் மட்டையைக் கீழ வச்சிட்டு வந்துடணும். சம்மதமா?"

"சம்மதம்பா."

அப்பா பஸ் டிரைவர். சொந்த மனைவியே மூச்சிரைக்க ஓடி வந்தாலும், நேரமாகிவிட்டால் வண்டியை எடுத்துவிடுவார். ஒருமுறை எடுத்தும்விட்டார். அம்மா அதை இன்னும் மன்னிக்கவில்லை.

தேர்வு விஷயம் எதிராளிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. ஒவ்வொரு பாயிண்ட் முடிந்ததும் வேலிவரை ஆடி அசைந்து போய், துண்டை எடுத்து, வராத வியர்வையைத் துடைத்தாள். சுண்டு அவளுக்குத் துண்டுக்காரி என்று மனதுக்குள் பெயர் வைத்தாள். துண்டையும் மைதான அலுவலகத்தின் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்து, அவசர அவசரமாக அடித்து, முதல் செட்டை 3-6 என்று கோட்டைவிட்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

இரண்டாவது செட்டிலும் துண்டுக்காரி வேலிப்பக்கம் கிளம்பியபோது சுண்டுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இவ துடைச்சு முடிக்கறதுக்குள்ள ஒரு பாடமே படிச்சிடலாம்!" என்று பல்லைக் கடித்தாள். சொன்ன பிறகுதான் உறைத்தது. ஏன் படிக்கக் கூடாது?

காலையில் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து உருப்போட்ட இரண்டு மார்க் கேள்விகளை வரிசையாக எடுத்தாள். ஒரு துண்டுக்கு ஒரு கேள்வி. நேர்மின்வாயில் ஆக்சிஜனேற்றம், எதிர்மின்வாயில் ஒடுக்கம். சொல்லிவிட்டுப் பந்தைப் போட்டாள். கடிகாரம் கண்ணில் படுவது குறைந்தது. கை நிதானத்துக்கு வந்தது. இப்போது துண்டுக்காரிக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

"சார், அவ என்னமோ மந்திரம் போடறா சார்!"

நடுவர் வந்தார். "என்னம்மா முணுமுணுக்கற?"

"கெமிஸ்ட்ரி சார்."

அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "படிக்கக் கூடாதுன்னு ரூல் எதுவும் இல்லை. ஆடுங்க."

இரண்டாவது செட் சுண்டுவுக்கு. மூன்றாவதில் 5-4, அவளுடைய சர்வீஸ். முப்பதுக்கு முப்பதில் ஃபாரடேயின் முதல் விதி முடிந்தது. அடுத்த பாயிண்டும் அவளுக்கே. இன்னும் ஒன்றே ஒன்று எடுத்தால் வெற்றி. துண்டுக்காரி துண்டுக்குப் போனாள். சுண்டு நிமிர்ந்தாள். கடிகாரத்தில் ஒன்றேகால்.

கைதட்டல் விழப்போகிறது என்று அப்பாவைப் பார்த்தாள். அவர் வேலியோரம் நின்று, கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, வானத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். வாட்ச் இல்லாத அந்த மணிக்கட்டை அவள் பார்த்ததே இல்லை. அங்கே ஒரு வெள்ளைப் பட்டை இருந்தது. துண்டுக்காரி திரும்பி வரும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்புறம் சர்வீஸ் போட்டாள். பந்து கோட்டைத் தொட்டுக்கொண்டு, துண்டுக்காரியின் மட்டைக்கு எட்டாமல் போயே போய்விட்டது.

ஸ்கூட்டரில் கேட்டாள். "ஏன்பா கைதட்டல?"

"வாட்ச் நின்னுபோச்சு. வாயை மூடிக்கிட்டு கெட்டியாப் பிடிச்சுக்கோ."

சட்டைப் பைக்குள் அது ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு அடிக்க மூன்று நிமிடம் இருக்கும்போது பள்ளி வாசலில் இறக்கிவிட்டார்.

தேர்வு அறையில் பெஞ்சுக்கு அடியில் கால் ஆடிக்கொண்டேதான் இருந்தது. ஆனாலும் ஆட்டத்தில் சொல்லிப் பார்த்ததெல்லாம் ஸ்கோரோடு சேர்ந்து நினைவுக்கு வந்தது. எட்டாவது கேள்வியில் பேனா நின்றது. ஃபாரடேயின் இரண்டாம் விதியைக் கூறுக. முப்பதுக்கு முப்பதில் சொன்ன முதல் விதி வரி பிசகாமல் வந்தது. இரண்டாவதை எவ்வளவு தேடியும் அப்பாவின் வெறும் மணிக்கட்டுதான் வந்தது.

இரண்டு மார்க்தானே, போனால் போகட்டும் என்று ஒன்பதாவது கேள்விக்குப் போனாள்.