பட்டியலில் இல்லாத ரத்தம்

அம்சா கியர் வண்டி ஓட்டுவதை அவள் ஊரில் இப்போது யாரும் நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. திருக்கழுக்குன்றத்துக்கு உள்ளடங்கின கிராமம். அவளும் புருஷன் ஜெயக்குமாரும் கிணற்றுத் தண்ணீரில் கீரை போடுகிறார்கள். விடிவதற்குள் பறித்துக் கட்டி, ஈரச் சாக்கில் சுற்றி, வண்டிக்கு இரண்டு பக்கமும் தொங்கவிட்டுக்கொண்டு அவள் கிளம்பிவிடுவாள். மாமல்லபுரத்தில் சில ஓட்டல்கள், அங்கிருந்து கடற்கரைச் சாலையோடு வடக்கே நெம்மேலி, கோவளம். ஜெயக்குமாருக்கு முதுகு வலி. கொஞ்ச தூரம் வண்டியில் உட்கார்ந்தாலே கால் மரத்துப்போகும். அதனால் தண்ணீர் கட்டுவது அவன் பாடு, வண்டி ஓட்டுவது இவள் பாடு என்று ஆகிவிட்டது.

கோவளம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் புதிதாகக் கீரை கேட்டார்கள். ஆனால் உள்ளே வண்டி கொண்டு வருகிறவர்கள் தங்கள் லைசன்ஸ் விவரத்தை அரசாங்க வலைத்தளத்தில் சரிபார்த்து, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம். அன்று சாயங்காலம் வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து அம்சா போனில் எண்ணையும் பிறந்த தேதியையும் தட்டினாள். பெயர் சரி. அப்பா பெயர் தர்மராஜ், சரி. விலாசம் சரி. கியர் வைத்த மோட்டார் சைக்கிள் என்பதும் சரி. ரத்த வகை என்ற இடத்தில் மட்டும் பி பாசிட்டிவ் என்று இருந்தது. பிரசவத்தின்போது நர்ஸ் ஓ பாசிட்டிவ் என்று சொன்னது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. வண்டி பழக்கிவிட்ட டிரைவிங் ஸ்கூல்காரர் அவசர அவசரமாகத் தானே எல்லாவற்றையும் நிரப்பி, கையெழுத்தை மட்டும் அவளிடம் வாங்கிக்கொண்டு போனதும் ஞாபகம் வந்தது.

ஜெயக்குமார் எட்டிப் பார்த்தான். "கெடக்கட்டும் வுடு. ரத்தத்தப் பாத்தா கீர வாங்கப் போறாங்க?"

"நாளைக்கு நான் ரோட்ல வுழுந்து கெடந்தா இதத்தான பாப்பாங்க" என்றாள் அம்சா. அவளுக்கு எந்தக் கணக்கும் நேராக இருக்க வேண்டும். கீரைக்கட்டில்கூட ஒரு தண்டு கோணினால் பிரித்துக் கட்டுகிறவள்.

லைசன்ஸ் ஆபீசில் இருந்த அதிகாரி பொறுமையான மனிதர். ரத்த வங்கியில் சோதித்து ஒரு சான்றிதழ் வாங்கி வந்தால் மாற்றிவிடலாம் என்றார். மறுவாரம் கீரையெல்லாம் போட்டுவிட்டு, வெறும் சாக்குகளோடு அம்சா செங்கல்பட்டுக்குப் போனாள்.

ரத்த வங்கியில் சங்கரி என்ற பெண் அவள் விரல் நுனியில் குத்தி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வெகுநேரம் கழித்து வந்து, கையிலிருந்து ஒரு குழாய் ரத்தம் வேண்டும் என்றாள். அதை வாங்கிக்கொண்டு போனவள் மறுபடியும் வந்து, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றாள். இந்தத் தடவை அவள் முகம் மாறியிருந்தது. அம்சா பக்கத்துத் தெருவில் இப்படி ரத்தம் கொடுக்கப் போய்ப் புற்றுநோய் என்று தெரிந்துகொண்டு வந்த ஒருத்தியை நினைத்துக்கொண்டாள்.

கடைசியில் அங்கே தலைமை டாக்டராக இருந்த அமிர்தவல்லியே வெளியே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"இன்னா வியாதி மேடம்? சொல்லிடுங்க" என்றாள் அம்சா.

வியாதியே இல்லை என்று அவர் முதலில் சொன்னார். பிறகு நிதானமாக விளக்கினார். எல்லோர் ரத்த அணுவின் மேலும் அடித்தளம் மாதிரி ஒரு பொருள் இருக்கிறது. அதன்மேல் ஒன்று ஏறினால் ஏ, இன்னொன்று ஏறினால் பி. எதுவும் ஏறாமல் அடித்தளம் மட்டும் இருந்தால் ஓ. "உங்களுக்கு அந்த அடித்தளமே கிடையாது. சாதாரணமா பார்த்தா ஓ மாதிரித்தான் தெரியும். ஆழமா பார்த்தாத்தான் பிடிபடும். முதல்ல மும்பையில கண்டுபிடிச்சதால பாம்பே குரூப்னு பேர்."

"நான் பாம்பே பக்கமே போனதில்லீங்களே" என்றாள் அம்சா. சங்கரி சிரித்துவிட்டாள். இத்தனை வருஷ சர்வீசில் அதைப் புத்தகத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன் என்று அவள் சொன்னபோது குரலில் ஏதோ கோயிலுக்குள் நின்று பேசுகிற அடக்கம் இருந்தது. எத்தனையோ ஆயிரம் பேரில் ஒருவருக்குத்தான் இப்படி அமையுமாம். சென்னைக்கு அனுப்பி உறுதிப்படுத்திக்கொள்வதாகச் சொன்னார்கள்.

அமிர்தவல்லி எழுந்திருக்கும்போது ஒன்றைச் சொன்னார். "உங்களுக்கு ரத்தம் வேணும்னா ஓ ஏத்தக் கூடாது. வேற எதையும் ஏத்தக் கூடாது. உங்களை மாதிரி இன்னொருத்தர்தான் தரணும். இதை மறந்துடாதீங்க."

அம்சா வீட்டுக்கு மெதுவாக ஓட்டிக்கொண்டு போனாள். ஹேண்டில்பாரைப் பிடித்திருந்த கைகளையே பார்த்துக்கொண்டு போனாள். மணிக்கட்டில் பச்சையாக ஓடின நரம்பு நேற்றும் அங்கேதான் இருந்தது. அரிவாள் பட்டு எத்தனை தடவை விரல் கிழிந்திருக்கும். புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு அடுத்த பாத்திக்குப் போயிருக்கிறாள். வரப்பில் சொட்டி மண்ணோடு போனதெல்லாம் இதுதானா? பிறந்ததிலிருந்து கூடவே இருந்த ஒன்றை முதல் முறையாக யாரோ அறிமுகப்படுத்தி வைத்த மாதிரி இருந்தது.

சென்னையிலிருந்து வந்த பதிலும் அதையே சொன்னது. உடன்பிறந்தவர்களுக்கு இருக்க வாய்ப்புண்டு என்றதால் கடப்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்ட அக்கா ரேணுகாவை வரவழைத்துப் பார்த்தார்கள். அவளுக்குச் சாதாரண பி. பிள்ளைக்கும் இல்லை. வீட்டில் இவள் ஒருத்திக்குத்தான். ஜெயக்குமார் அன்று சாப்பாட்டை அளைந்துகொண்டே இருந்தான். பிறகு, இனிமேல் வண்டி வேண்டாம், ஆள் வைத்துக்கொள்ளலாம் என்றான்.

"ஓட்டாம இருந்தா ரத்தம் மாறிடுமா?" என்று அம்சா கேட்டாள். மறுநாள் அவனே திருக்கழுக்குன்றம் போய், பழைய ஹெல்மெட்டுக்குப் பதிலாகக் கனமான புது ஹெல்மெட் ஒன்று வாங்கி வந்தான்.

லைசன்ஸ் ஆபீசில் அந்தப் பொறுமையான அதிகாரி சான்றிதழை இரண்டு தடவை படித்தார். கம்ப்யூட்டரில் தேடினார். அவருக்குக் காட்டிய பட்டியலில் அந்த வகை கிடைக்கவில்லை. ஓ என்று போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டார். அம்சா ஒத்துக்கொள்ளவில்லை. "தப்பா இருக்கறதுக்கு வெறுமையா இருக்கட்டும் சார்." அவர் பி-யை எடுத்துவிட்டு, மேலே எழுதிக் கேட்கிறேன் என்று சொல்லி அனுப்பினார். ரத்த வங்கியில் கொடுத்த அட்டையை அம்சா ஹெல்மெட்டுக்குள் ஒட்டிக்கொண்டாள்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலை. நெம்மேலியில் ஒரு ஓட்டல் வாசலில் கீரை இறக்கிக்கொண்டிருந்தபோது சங்கரியிடமிருந்து போன் வந்தது. கல்பாக்கத்திலிருந்து வைஷாலி என்று ஒரு பெண்ணைப் பிரசவத்துக்குச் செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்களாம். குழந்தை நல்லபடி பிறந்துவிட்டது. தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ என்று நினைத்துப் பொருத்திப் பார்த்ததில் ஒரு பை ரத்தமும் சேரவில்லை. இதுவும் பாம்பே குரூப் என்று சங்கரிக்கு உடனே புரிந்துவிட்டது. வெளியூரிலிருந்து இன்னொரு ஆள் கிளம்பிவிட்டார், அவர் வந்து சேர மத்தியானம் தாண்டும், அதுவரை தாங்காது என்றாள்.

"வரேன்மா" என்றாள் அம்சா. மீதிக் கீரையை ஓட்டல் காவல்காரரிடம் ஒப்படைத்துவிட்டு வண்டியைத் திருப்பினாள்.

எப்போதும் அந்தச் சாலையில் பறக்கிறவள். அன்று அவளால் பறக்க முடியவில்லை. வேகமாகப் போக வேண்டும், ஆனால் விழுந்துவிடக் கூடாது. தான் ஓட்டிக்கொண்டு போவது தன்னையே என்பது அவளுக்குத் திடீரென்று உறைத்தது. இடது பக்கம் கடல் சாம்பல் நிறத்தில் எழும்பி எழும்பி விழுந்துகொண்டிருந்தது. எங்கோ முகம் தெரியாத ஒருத்தியிடமிருந்து வழிந்துகொண்டிருப்பதும், தனக்குள் ஓடிக்கொண்டிருப்பதும் ஒன்று என்று நினைத்தபோது கடலைப் பார்க்கவே பயமாக இருந்தது. பார்க்காமலும் இருக்க முடியவில்லை. மாமல்லபுரத்தில் உள்ளே திரும்பிய பிறகுதான் மூச்சு சீராக வந்தது.

சங்கரி வாசலிலேயே நின்றிருந்தாள். உடம்பில் ரத்தம் போதுமான அளவு இருக்கிறதா என்று பார்த்தார்கள், நூலிழையில் தேறியது. படுக்கவைத்து ஊசி ஏற்றினார்கள். மெல்லிய குழாயில் கருஞ்சிவப்பாக இறங்கி, தாலாட்டுகிற தொட்டில் மாதிரி ஆடின ஒரு தட்டின்மேல் பை நிறைந்தது. பார்க்க எல்லார் ரத்தமும் போலத்தான் இருந்தது. வெதுவெதுப்பான அந்தப் பையைச் சங்கரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு சோதனை அறைக்குப் போனாள்.

கொஞ்சம் தெளிந்ததும் அம்சா ஆட்டோ பிடித்து அந்த ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஓய்வெடுக்கச் சொன்னார்கள், இருக்க முடியவில்லை. மாடி வராந்தாவில் வைஷாலியின் கணவன் ராகவன் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் சொந்த ஊர் தேனிப் பக்கம். அவன் அம்மா சகுந்தலா குழந்தையை மடியில் வைத்திருந்தார். சங்கரி சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். ராகவன் அவளைப் பார்த்ததும் உள்ளே ஓடினான். ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து அவள் பின்னால் போட்டான். அவள் உட்காரும்வரை அதைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

மத்தியானம் தாண்டி அந்த வெளியூர்க்காரர் வந்து சேர்ந்தார். ஆம்பூரில் லாரி மெக்கானிக், பெயர் சீனு. நகக்கண்ணில் கிரீஸ் போகாத, கட்டை குட்டையான மனிதர். ரத்த வங்கியில் கொடுத்துவிட்டு நேரே இங்கே வந்தவர், இன்னொருத்தர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு அம்சாவைத் தேடி வந்தார். அவளை ஏற இறங்கப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"இதுவரைக்கும் போன்லதாம்மா நம்ம ஆளுங்கள்ட்ட பேசிகீறேன். நேர்ல நீதான் மொத ஆளு."

கேன்டீனில் டீயும் பிஸ்கெட்டும் வாங்கிக்கொடுத்துத் தன் கதையைச் சொன்னார். ஒரு தடவை ஜாக் நழுவி லாரி அவர் தொடையில் இறங்கிவிட்டது. அன்றுதான் அவருக்கும் தெரிந்ததாம். கேரளாவிலிருந்து ஒரு கல்லூரி வாத்தியாரம்மா ராத்திரி பகலாக ரயிலில் வந்து கொடுத்துவிட்டுப் போனார். அவர் முகத்தைக்கூட சீனு பார்க்கவில்லை, மயக்கத்தில் இருந்தார். அதிலிருந்து யார் கூப்பிட்டாலும் போய் ரத்த வங்கியில் கொடுத்துவிட்டு, ஆளைப் பார்க்காமலே திரும்பிவிடுவாராம். மாநிலம் முழுக்கச் சேர்த்தாலும் இவர்கள் போனில் ஒரு சின்ன கூட்டம்தான்.

"ஒனக்கு ஒண்ணுன்னா எனக்கு போன் போடு தங்கச்சி. எந்த ஊர்ல இருந்தாலும் வந்துருவேன்" என்றார். வார்த்தைக்குச் சொல்கிற ஆள் இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அம்சா தலையாட்டினாள். ஆம்பூர் எந்தத் திக்கில் இருக்கிறது என்றுகூட அவளுக்குச் சரியாகத் தெரியாது.

சாயங்காலம் ரத்தப்போக்கு நின்றது. டாக்டர் வந்து இனிப் பயமில்லை என்று சொன்னபோது சகுந்தலா அழுதுவிட்டார். ராகவன் அம்சாவையும் சீனுவையும் கதவுவரை கூட்டிப் போனான். உள்ளே வைஷாலி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். சின்னப் பெண். வெளுத்திருந்த உதட்டில் லேசாக நிறம் ஏறியிருந்தது. தேனியில் பிறந்த ஒருத்தி, ஆம்பூர்க்காரர் ஒருத்தர், கீரை விற்கிற இவள். மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ். அம்சாவுக்குத் தோளிலிருந்து முழங்கைவரை சிலிர்த்தது. பக்கத்தில் சீனு கைகூப்பி நின்றிருந்தார். யாரைக் கும்பிடுகிறார் என்று அவள் கேட்கவில்லை.

ஜெயக்குமார் முதுகு வலியோடு பஸ் பிடித்து வந்து சேர்ந்தான். ஊசி குத்தின இடத்துப் பஞ்சைப் பார்த்தான். தொடலாமா என்று யோசிக்கிறவன் மாதிரி கையை நீட்டி, பிறகு அவள் முழங்கையைக் கண்ணாடிச் சாமானைத் தாங்குவது போலத் தாங்கிக்கொண்டான். வண்டி ரத்த வங்கி வாசலிலேயே கிடக்கட்டும், நாளைக்கு எடுத்துக்கலாம் என்றான். அம்சாவும் சரி என்றாள்.

திருக்கழுக்குன்றம் பஸ்ஸில் நல்ல கூட்டம். யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். கம்பெனி வேலை முடிந்து வருகிறவர்கள், மீன் கூடை வைத்திருந்த ஒரு பொம்பளை, தூங்கி விழுகிற கண்டக்டர். அம்சா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இதில் யாருக்கு என்ன இருக்கிறதோ, அவரவருக்கே தெரியாது. எங்கிருந்து வந்து எங்கே போய்ச் சேருமோ அதுவும் தெரியாது. முன்னால் நின்ற கிழவர் பஸ் குலுங்கியதில் சாய்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் கையின் சூடு ரவிக்கையைத் தாண்டி இறங்கியது. அம்சா நகராமல் உட்கார்ந்திருந்தாள்.